ஜோஷிமடம்: சுவரில் ஒரு விரிசல்

பத்ரிநாத் போய்வந்த நம்மவர்கள் அநேகமாக ஜோஷிமடத்தில் ஒரு ராத்திரி தங்கியிருப்பார்கள். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்பார்கள் வைணவர்கள். அதனால் எங்கள் ஆண்டாப் ஹில் யாத்திரை கோஷ்டியும் அங்குள்ள நரசிம்மர் கோயிலை விடுவதில்லை.

நான் போனது 2022 மே மாதம். ஆறாயிரம் அடிக்கு மேலே ஊர். எதிரே ஹாத்தி பர்வதம், கீழே பாதாளத்தில் அலக்நந்தாவும் தௌலிகங்காவும் கலக்கிற விஷ்ணுபிரயாகை. மற்றவர்கள் பனிமலையைப் படமெடுக்க, வீட்டுக்கடன் பார்த்தே பழகிய நான் விடுதிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் (தொழில் புத்தி!). படிக்கட்டை ஒட்டி ஒரு விரிசல். போன வருஷம்தான் பூசினோம், மறுபடி விட்டுவிட்டது என்றார் விடுதிக்காரர், சர்வசாதாரணமாக.

இந்த ஊர் பாறைமேல் இல்லை. என்றோ சரிந்து வந்து நின்ற மண்ணும் கல்லும்தான் அடித்தளம். 1976-லேயே கார்வால் கமிஷனர் மிஸ்ரா தலைமையிலான குழு எச்சரித்தது: வெடி வைத்துப் பாறையைப் பெயர்க்காதீர்கள், மரம் வெட்டாதீர்கள், பெரிய கட்டடம் வேண்டாம், தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் வடிகால் போடுங்கள். நடந்ததெல்லாம் நேர்மாறு. மாடிமேல் மாடியாக ஹோட்டல்கள். பக்கத்திலேயே தபோவன்–விஷ்ணுகாட் நீர்மின் சுரங்கம். 2009 டிசம்பரில் துளைபோடும் எந்திரம் ஒரு நிலத்தடி ஊற்றை உடைத்து, தண்ணீர் கொட்டித் தீர்த்தது. ஊர் தாழ்ந்ததற்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறது என்.டி.பி.சி. ஊர்க்காரர்கள் நம்பவில்லை.

கோயிலில் ஒரு கதை சொன்னார்கள். நரசிம்மரின் ஒரு கை மெலிந்துகொண்டே வருகிறதாம். அது முறியும் நாளில் மலைகள் மோதிக்கொண்டு பத்ரிநாத் வழி அடைபடுமாம். மிஸ்ரா குழுவின் அறிக்கையைவிட இந்தக் கதைக்குத்தான் ஊரில் வாசகர்கள் அதிகம்.

நான் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஜனவரி 2 ராத்திரி, ஊரின் கீழ்ப்பகுதியில் சேற்றுத்தண்ணீர் பீறிட்டது. அந்த மாதம் எடுத்த கணக்கில் 868 கட்டடங்களில் விரிசல். அவற்றில் 181 ஆபத்தான பகுதியில். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு ஹோட்டல்களை இடித்தார்கள்.

நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். அதை நம்பித்தான் நாங்கள் பத்திரத்தை வாங்கிப் பெட்டகத்தில் வைக்கிறோம். ஜோஷிமடத்தில் நிலமே நகர்ந்தது, தவணை நகரவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் கூட்டுறவு வங்கிக் கடன் வசூலை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைக்க மாநில அமைச்சரவை முடிவு செய்தது. தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்புதான்.