கலப்பை நிலை (பனிச்சறுக்கு)

கலப்பை நிலை என்பது பனிச்சறுக்குக் கற்கத் தொடங்குவோருக்கு வேகத்தைக் குறைக்கவும், திரும்பவும், நிற்கவும் கற்பிக்கப்படும் அடிப்படை முறை ஆகும். சறுக்குக்கட்டைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றும்போது, அவை பனி அகற்றும் கலப்பையின் வடிவைப் பெறுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

செயற்பாடு

கட்டைகளின் உள்விளிம்புகள் பனியில் அழுந்துவதால் வேகம் குறைகின்றது. வலது காலில் எடையைக் கூட்டினால் இடப்புறமும், இடது காலில் கூட்டினால் வலப்புறமும் திரும்பலாம். செங்குத்தான சரிவுகளுக்கு இம்முறை மட்டும் போதாது.

வரலாறு

ஆஸ்திரியப் பயிற்றுநர் ஹான்னஸ் ஷ்னைடர் (1890–1955) உருவாக்கிய ஆர்ல்பெர்க் முறையில் இதுவே தொடக்கப் படியாகும். நாசிகளால் 1938 இல் கைது செய்யப்பட்ட அவர், 1939 இல் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அங்கும் பயிற்சி அளித்தார்.

அச்சமும் உடற்தகுதியும்

அச்சமுற்றவர் பின்னோக்கிச் சாய்வது இயல்பு. ஆயினும் அப்போது எடை பின்முனைகளுக்குச் செல்வதால் கட்டைகளைத் திருப்புவது கடினமாகி, அச்சம் மேலும் கூடும்; தொடைத் தசைகளும் விரைவில் களைப்படையும். எனவே கணுக்காலையும் முழங்காலையும் சற்று மடக்கி, கணைக்காலின் முன்புறம் காலணியில் அழுந்துமாறு நிற்கப் பயிற்றுவிக்கப்படுகின்றது.

பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே உட்கார்ந்து எழுதல், சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்த நிலையில் இருத்தல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகிய பயிற்சிகளைத் தொடங்குவது நன்று. ஐரோப்பாவில் நீல நிறம் எளிய சரிவையும், சிவப்பு நடுத்தரச் சரிவையும், கறுப்பு கடினமான சரிவையும் குறிக்கின்றன. எளிய சரிவில் விரும்பிய இடத்தில் நிற்கப் பழகிய பின்னரே அடுத்த நிலைக்குச் செல்வது பாதுகாப்பானது.