தாலிலின் என்னும் சின்ன எஞ்சின்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையிலே டவின் என்றொரு சிற்றூர் உண்டு. கடலோரத்து அவ்வூரிலிருந்து, பள்ளத்தாக்கு ஒன்றினூடே அபெர்கினொல்வின் கிராமத்தை நோக்கி ஏறிச் செல்லும் சிறு புகையிரதப் பாதைக்குத் தாலிலின் என்று பெயர். இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 2 அடி 3 அங்குலமே. பாதையின் முதலாவது எஞ்சினுக்கும் அப்பெயரையே சூட்டினர்.

இந்த எஞ்சின் பிறந்த கதை பருத்தியில் தொடங்குகிறது. 1861ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பருத்தி வரத்துத் தடைப்பட்டது. மஞ்செஸ்ரர் நகரத்து நூலாலைகள் வாடின. ஆலை முதலாளிகளான மக்கொனெல் குடும்பத்தார் தம் முதலை வேறொரு தொழிலில் இட எண்ணி, பிரின் எக்ளுயிஸ் என்ற மலையிலிருந்த சிலேற்றுக் கற்சுரங்கத்தைக் கைக்கொண்டனர். கூரை வேயும் அக்கல்லை அதுவரை பொதிக்குதிரைகளே மலையிலிருந்து இறக்கின. பெருந்தொகையாகக் கல் வெட்டுவதாயின் குதிரை போதாது. ஆகவே, நீராவி எஞ்சினுக்கென்றே திட்டமிட்டு இப்பாதையை அமைத்தார்கள்.

வைற்ஹேவன் நகரத்து பிளெச்சர் ஜெனிங்ஸ் கொம்பனியார் 1864ஆம் ஆண்டில் எஞ்சினைக் கட்டி அனுப்பினர். கொதிகலனின் முதுகிலே சேணம்போலக் கவிந்த தண்ணீர்த் தொட்டி. கீழே நான்கே சக்கரங்கள். ஓடும்போது அது மேலுங்கீழுமாகத் துள்ளியது. 1866இல் பாதையைப் பார்வையிட வந்த அரசாங்கப் பரிசோதகர் கப்டன் டைலர் இத்துள்ளலைக் குறைகூறவே, பின்புறத்தில் மேலும் இரு சக்கரங்களைப் பூட்டினர். அவர் கண்ட மற்றொரு குறை இதனினும் பெரிது. பாலங்களின் வளைவுகள் ஒடுங்கியவை. வண்டிக்கும் சுவருக்கும் இடையே போதிய இடமில்லை. கதவைத் திறந்த பயணி அங்கே நசுங்கிப்போகக் கூடும். பாலங்களை இடித்துக் கட்டப் பணம் வேண்டும். மக்கொனெல் கண்ட வழியோ மிக மலிவானது. ஒரு பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டுத் தண்டவாளத்தை அப்பக்கமாகச் சற்றே ஒதுக்கினார்!

1911இல் சுரங்கமும் பாதையும் பாராளுமன்ற உறுப்பினர் ஹேடன் ஜோன்சின் கைக்கு வந்தன. தாம் உயிருடன் இருக்கும்வரை வண்டி ஓடும் என்று அவர் வாக்களித்தார். வருவாய் சுருங்கிய நிலையிலும் அவ்வாக்கைக் காத்தார்; ஆயினும் பழுது பார்க்கப் பணமில்லை. தேய்ந்துபோன தாலிலின் எஞ்சினை 1945இல் கொட்டகையில் ஒதுக்கிவிட்டனர். 1866இல் பிறந்த டொல்கோக் என்ற அதன் தங்கை மாத்திரமே ஓடியது. 1946 டிசெம்பரில் சுரங்கம் இடிந்து மூடப்பட்டது. 1948இல் பிரித்தானியப் புகையிரதங்கள் அரசுடைமையானபோது இச்சிறு பாதை அதில் சேரவில்லை. 1950 யூலையில் ஹேடன் ஜோன்ஸ் காலமானார்.

பாதையைப் பழைய இரும்பாக விற்பதே அடுத்த படியாயிருந்திருக்கும். எழுத்தாளரும் பொறியியலாளருமான ரோல்ட் என்பவர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1950 ஒக்ரோபரில் பேர்மிங்ஹாம் நகரிலே கூட்டமொன்றைக் கூட்டினார். அன்பர்கள் சங்கம் அமைத்தனர். 1951 மே 14ஆம் திகதி வண்டி மீண்டும் ஓடியது. சம்பளம் கருதாத தொண்டர்கள் ஒரு புகையிரதப் பாதையை மீட்டு நடத்தியது உலகிலேயே அதுதான் முதற்றடவை.

ஆர்வம் மட்டும் எஞ்சினை இழுத்துவிடுமா? அயலிலே 1948இல் மூடப்பட்ட கொறிஸ் பாதையின் அகலமும் 2 அடி 3 அங்குலமே. அப்பாதையின் இரண்டு எஞ்சின்களைத் தலைக்கு 25 பவுணாக வாங்கினர். உக்கிய கட்டைகளின் மேல் தண்டவாளங்கள் விலகிக் கிடந்தமையால், அவற்றுள் சக்கர விளிம்பு ஒடுங்கிய ஒன்று தண்டவாளங்களுக்கிடையே விழுந்துவிட்டது. மற்றதற்கோ பெரும் பழுது பார்க்க வேண்டியிருந்தது. லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெற் தொழிற்சாலையார் அதனை இலவசமாகவே செய்து கொடுத்தனர். அதுவரை முதிய டொல்கோக்கின் முதுகிலேயே முழுப் பாரமும் விழுந்தது.

தாலிலினின் முறை 1957இல் வந்தது. பிரையர்லி ஹில் என்னும் ஊரிலுள்ள கிப்பன்ஸ் தொழிற்சாலைக்கு அதனை எடுத்துச் சென்று, புதிய கொதிகலன் பொருத்தி, 1958இல் திருப்பி அனுப்பினர். கொதிகலனையே மாற்றிய பின் அது பழைய எஞ்சின்தானா என்று ஐயுறுவோர் உண்டு. நீராவி எஞ்சினின் கொதிகலன் தேய்வதற்கென்றே உள்ளது. அதை மாற்றாது காத்திருந்தால் எஞ்சின் காட்சிச்சாலைப் பொருளாகியிருக்கும். ஓடவேண்டும் என்பதே தொண்டர்களின் எண்ணம். இதற்கிடையில் அங்கு காவலராகத் தொண்டு செய்த ஓட்ரி பாதிரியார், 1955இல் எழுதிய சிறுவர் கதை நூலில் இவ்வெஞ்சினை ஸ்கார்லோய் என்ற பெயரில் நடமாடவிட்டார்.

2021இல் யுனெஸ்கோ நிறுவனம் வடமேற்கு வேல்ஸ் சிலேற்று நிலப்பரப்பை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, சுரங்கத்துடன் இப்பாதையும் அதில் இடம்பெற்றது. ஒடுங்கிய பாலங்கள் அப்படியே நிற்கின்றன. பயணிகள் இன்றும் வண்டியின் ஒரு பக்கத்தாலேயே ஏறி இறங்குகின்றனர்.