முன்னறியாக் கோதிக் கவிதையும் மாணவர் பயிற்சியும்

1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்க்கு வழங்கிக் கருத்தெழுதச் செய்தார். 1929இல் நூலான அவ்வாய்வு, பலர் கவிதையைப் படிக்காது தமக்குப் பழகிய உணர்வையே படித்தனர் எனக் காட்டிற்று. கோதிக் கவிதையில் இவ்விடர் மிகுதி. நள்ளிரவு, பாழ்மாளிகை என்றவுடன் 'அச்சம்' என்றெழுதி அமைவர். அச்சம் எவ்வடியில், எதனால் பிறக்கிறது என்பதன்றோ வினா!

1816இல் வெளிவந்த கோல்ரிட்ஜின் 'கிறிஸ்டபெல்' இதற்கு வழிகாட்டும். அடிதோறும் அழுத்தம் 4. அசைகள் 7 முதல் 12 வரை மாறும். அம்மாற்றம் காட்சி அல்லது உணர்ச்சியின் மாற்றத்தோடு இயைவது என முன்னுரையில் அவரே விளக்குகிறார். (இவ்வசை நம் நேர், நிரை அன்று.) ஆகவே மாணவர் முதலில் அசைகளை எண்ணுதல் தகும், எண்ணிக்கை சட்டென மாறும் அடியில் நின்று காரணம் தேடலாம். மொழிபெயர்ப்பில் முதலில் மறைவதும் அதுவே.