தபால் பெட்டி முதல் அவுட்பாக்ஸ் வரை

இன்றிரவு எழுதிய மின்னஞ்சல் நாளை காலை 9 மணிக்குக் கிளம்பும்படி நேரம் குறித்து வைக்கலாம். இது கணினி தந்த புது வசதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கடிதம் எழுதும் நேரமும் அது கிளம்பும் நேரமும் அந்தக் காலத்திலும் வேறு வேறுதான். நடுவில் அந்தக் கடிதம் யார் கையில் காத்திருக்கிறது என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதில் பணமும் அடங்கியிருக்கிறது!

ரயில் வைத்த நேரம்

சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையில் முதலில் திண்டிவனம், பிறகு விழுப்புரம். 1879-இல் புதுச்சேரிக்குக் கிளைப் பாதை போட்டபோது விழுப்புரம் ஜங்ஷன் ஆனது. தபால் ரயிலில் போன காலத்தில், கடிதம் கிளம்பும் நேரத்தை ரயில்தான் முடிவு செய்தது. அடுத்து எப்போது கடிதம் எடுப்பார்கள் என்று தபால் பெட்டியிலேயே எழுதியிருக்கும். அதைத் தவறவிட்டவர்கள் ஸ்டேஷனுக்கு ஓடி, தாமதக் கட்டணத்துக்குக் கூடுதல் தபால்தலை ஒட்டி, ஆர்.எம்.எஸ். பெட்டியில் போடுவார்கள்.

பெட்டிக்குள் விழுந்த கடிதத்தை எழுதியவர் தாமாகவே கையை விட்டு எடுத்துவிட முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. சம்மதக் கடிதம் அனுப்பியவரின் கையை விட்டுப் போன நொடியிலேயே, கேட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர் ஆகிறார்.

போன் பில் வைத்த நேரம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தொடங்கியது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான். மோடம் வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் யூடோரா, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போன்ற மென்பொருள்களில் இணைப்பு இல்லாமலே மடல்களை எழுதி அவுட்பாக்ஸில் சேர்த்து வைப்பார்கள். பிறகு ஒரே மூச்சில் டயல் செய்து, எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டிப்பார்கள்.

1970-களின் இறுதியில் பெல் ஆய்வகத்தில் உருவான யூ.யூ.சி.பி. முறையும் இப்படித்தான். போன் கட்டணம் குறைவான இரவு நேரத்தில் ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டு, சேர்ந்திருந்த மடல்களைக் கொடுத்துவிடும்.

எழுதியவர் வைத்த நேரம்

எப்போதும் இணைப்பு இருக்கும் பிராட்பேண்ட் வந்த பிறகு காத்திருக்க வேண்டிய அவசியம் போனது. ஆனால் காத்திருக்கும் வசதியை மக்கள் விடவில்லை! அவுட்லுக்கில் ‘இந்த நேரத்துக்கு முன் அனுப்பாதே’ என்று குறிக்கலாம். தண்டர்பேர்டுக்கு ‘செண்ட் லேட்டர்’ என்ற இணைப்பு நிரல் உண்டு. 2007-இல் மின்னஞ்சல் நெறிமுறையிலேயே இதற்கு ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஜிமெயிலில் 2019 ஏப்ரல் 1 அன்று வந்தது.

இவற்றுக்குள் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஜிமெயிலில் மடல் சர்வரில் காத்திருக்கும். கணினியை அணைத்தாலும் நேரத்துக்குப் போய்விடும். தண்டர்பேர்டிலும், சாதாரணக் கணக்கு வைத்த அவுட்லுக்கிலும் மடல் உங்கள் கணினியிலேயேதான் கிடக்கும். குறித்த நேரத்தில் மென்பொருள் திறந்திருக்க வேண்டும். 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் போனால் நேரம் குறித்த மடலும் போகாது.

கையை விட்டுப் போனதா?

விழுப்புரத்து எண்ணெய் ஆலைக்காரர் ஒருவர் 100 மூட்டை மல்லாட்டை கேட்டு, திண்டிவனத்து வியாபாரிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி சனிக்கிழமை மாலை ‘சம்மதம்’ என்று அவுட்லுக்கில் எழுதி, திங்கள் காலை 9 மணி என்று குறித்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டுப் போகிறார். திங்கள் காலை 8 மணிக்கு ஆலைக்காரர் ‘மூட்டை வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறார். ஒப்பந்தம் உண்டா?

2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, அனுப்பியவரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு கணினிக்குள் நுழையும்போதுதான் மின்னணுப் பதிவு அனுப்பப்பட்டதாகும். மின்னஞ்சலுக்குத் தபால் விதி பொருந்துமா, பகவன்தாஸ் கேடியா வழக்கில் (ஏ.ஐ.ஆர். 1966) உச்ச நீதிமன்றம் சொன்ன தொலைபேசி விதி பொருந்துமா என்பது தனி வாதம். எதுவானாலும், அவுட்பாக்ஸில் கிடக்கும் மடல் அனுப்பப்படாத மடல்தான். ஒப்பந்தம் இல்லை. அதே சம்மதத்தைச் சனிக்கிழமையே தபால் பெட்டியில் போட்டிருந்தால், ஆலைக்காரர் பின்வாங்கியிருக்க முடியாது!

தபால் பெட்டியில் போட்டால் கடிதம் கையை விட்டுப் போகும். அவுட்பாக்ஸில் போட்டால் அது இன்னும் நம் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பமோ, டெண்டரோ, கடைசித் தேதி உள்ள எதுவானாலும், ‘அனுப்பியவை’ பகுதிக்குள் மடல் போய்விட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.