ஏட்டுப் பிரதியும் வட்டுப் பிரதியும்



ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும் என்பதை நம் தோட்டப்புற மக்கள் நன்கறிவார்கள். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், பிரஜாவுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் பெற்றே வேலை செய்ய வேண்டும் என்றாயிற்று. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். பலர் கப்பலேறி இந்தியா திரும்பினர். பிறப்புப் பத்திரம் கைவசம் இல்லாததால் பிரஜாவுரிமை பெற முடியாமற் போனவர்களும் அவர்களில் உண்டு.

எழுதி வைத்ததைக் காப்பது எப்படி? நம் முன்னோர் கண்ட வழி, பிரதி எடுப்பது. பனையோலையைச் செல் அரிக்கும், ஈரம் கெடுக்கும். ஆகவே பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதினார்கள். ஒரே நூலின் பிரதிகள் மடங்களிலும் புலவர் வீடுகளிலுமாகப் பல ஊர்களில் இருந்தன. உ.வே. சாமிநாதையர் அப்படிப் பல ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓர் ஏட்டில் சிதைந்திருந்த வரி மற்றோர் ஏட்டில் கிடைத்தது. ஆனால் புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவே இல்லை. எல்லாப் பிரதிகளிலும் அழிந்தது அழிந்ததுதான்.

1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடத்தைத் திரும்ப எழுப்பினார்கள். 2003இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களைத் திரும்ப வாங்கலாம். பிரதி இல்லாத ஏட்டை எங்கே போய் வாங்குவது?

இன்று லயத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் என்று குடிபெயர்ந்த குடும்பங்களின் படங்களும் பத்திரங்களும் கணினி வட்டுகளில் இருக்கின்றன. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், பல சிறிய வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அவ்வகை அடுக்கில் ஒரு வட்டு பழுதானால், அதிலிருந்ததை மற்ற வட்டுகளைக் கொண்டு கணக்கிட்டு மீட்கலாம்.

இதை நம்பிப் பலர் வேறு பிரதி வைப்பதில்லை. ஆனால் கை தவறி ஒன்றை அழித்தால் அடுக்கு முழுவதிலும் அது அழிந்துவிடும். இடி மின்னலோ வெள்ளமோ வந்தால் ஒரே பெட்டியிலுள்ள எல்லா வட்டுகளும் சேர்ந்தே போகும். இடம் போதாமல் அடுக்கைப் பெரிதாக்கும் வேளையோ இன்னும் ஆபத்தானது. சில அடுக்குகளை முற்றிலும் அழித்தே புதிதாக அமைக்க வேண்டும். வேறு சிலவற்றில் வட்டை ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். அப்போது பல மணி நேரம் பாதுகாப்புக் குறைந்திருக்கும்.

ஆகவே முதலில் எல்லாவற்றையும் தனி வட்டில் பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதி சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே அடுக்கைப் பெரிதாக்கி, உள்ளதைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றியதைச் சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டதுபோல ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, பழைய பிரதியைத் தொடக்கூடாது. இன்னொரு பிரதியை உறவினர் வீட்டில் வைப்பது மேலும் நல்லது.

தாத்தா பாட்டியின் ஒரே படம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இவற்றுக்கு இன்றே பிரதி எடுத்து வைப்போம். மூலப் பத்திரத்தையும் பத்திரமாகக் காப்போம்.