கூழும் காளானும்: அட்டப்பாடி முதல் மறையூர் வரை ஓர் உணவு வரலாறு

கேழ்வரகு மாவைப் புளிக்கவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் உஷா ஆண்டனியும் டி.எஸ். சந்திராவும் 1990களில் அளந்து பார்த்தார்கள். சற்றுப் பின்னால் திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தில் கே.கே. ஜனார்த்தனன் குழுவினர் கேரளத்துக் காளான்களின் சாறுகளை எலிகளில் சோதித்தார்கள். இந்த இரண்டு ஆய்வுகளும் நடந்த இடங்களுக்கு நடுவே, பாலக்காட்டு அட்டப்பாடியிலும் இடுக்கியின் மறையூர், காந்தளூர் மலைகளிலும், அந்தத் தானியமும் காளான்களும் தலைமுறை தலைமுறையாக உணவாக இருந்தன. ஆனால் ஆய்வுக்கூடங்கள் அவற்றின் மதிப்பைக் கண்டறிந்த நேரத்தில் மலையில் தட்டுகள் மாறிவிட்டிருந்தன. அறிவு ஏறிவந்த பாதையும் உணவு இறங்கிப்போன பாதையும் எங்கே ஒன்றையொன்று கடந்தன என்பதே இக்கட்டுரை தேடுவது. கூழுக்கும் காளானுக்கும் சொல்லப்படும் நலக்கூற்றுகள் ஒரே எடை கொண்டவை அல்ல என்பது என் வாதம்.

மழை மறைவு நிலம்

அட்டப்பாடி ஏறத்தாழ 745 சதுர கிலோமீட்டர். அகளி, சோலையூர், புதூர் என்ற மூன்று ஊராட்சிகள் கொண்டது. மேற்குக் கோடியில் முக்காலியும் அமைதிப் பள்ளத்தாக்கும் மழையில் ஊறிக் கிடக்கும். கிழக்கே ஆனைகட்டியை நெருங்க நெருங்க மேகம் வற்றிவிடும். இடுக்கியில் மறையூரும் சின்னாறும் இதே கதைதான்: மூணாறில் கொட்டும் மழை மலைமுகட்டைத் தாண்டி உடுமலைப் பக்கம் வருவதற்குள் தீர்ந்துபோகிறது. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் வயலும் தென்னையும் இந்த நிலத்துக்குப் பொருந்தாதவை. இங்கே பயிர் கேழ்வரகு, சாமை, தினை; கூடவே துவரையும் அவரையும். பேச்சிலும் அப்படித்தான். இங்குள்ள பழங்குடிகளான இருளரின் மொழியும் முதுவரின் பேச்சும் தமிழுக்கு அணுக்கமானவை. பாலக்காடு 1956 நவம்பர் வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்ததால், அட்டப்பாடியின் பழைய அரசு ஆவணங்களைத் தேடுபவர் சென்னை நிர்வாகத்துக் கோப்புகளைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

விதைப்பு முறை பஞ்சக்காடு எனப்படும் மாற்றிடச் சாகுபடி. காட்டின் ஒரு பகுதியைத் திருத்தி, பல தானியங்களையும் பருப்புகளையும் கீரைகளையும் ஒன்றாகக் கலந்து தூவி, சில ஆண்டுகளில் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். இருளர் ஊர்களில் தலைவரான ஊர் மூப்பனுக்குத் துணையாகப் பண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்ற பொறுப்பாளர்கள் உண்டு; விதைப்பைத் தொடங்கிவைக்கும் உரிமை மண்ணுக்காரனுடையது. இந்த ஏற்பாட்டில் தானியமும் பருப்பும் கீரையும் ஒரே சரிவிலிருந்து வந்தன. காளான் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது.

அந்தச் சரிவுகளின் கணக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மாறியது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பழங்குடிகள். 1971இல் பாதிக்கும் கீழே. தமிழகச் சமவெளியிலிருந்தும் கேரளத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் குடியேறியவர்கள் நிலம் பிடித்தார்கள். பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம் 1975இல் வந்தது, அதற்கான விதிகள் 1986இல்தான் வந்தன. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் எவ்வளவு நிலம் போயிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். 1960களின் நடுவில் கேரளம் முழுவதும் ரேஷன் வந்தது. பின்னர் வந்த அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ தானியம். பசிக்கு அது பெரிய துணை என்பதை மறுக்க முடியாது. ஆனால் வந்தது பெரும்பாலும் அரிசி. 2017இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகின் கால்சியம் 364 மில்லிகிராம்; தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது.

புளிப்பின் வேலை

கூழ் காய்ச்சுவதைக் கொங்கு வீடுகளில் பார்த்தவர்களுக்கு அது இரண்டு முறை புளிக்கும் உணவு என்பது தெரியும். மாலையில் கேழ்வரகு மாவை நீரில் கரைத்து மூடிவைப்பார்கள். மறுநாள் மேலே நுரை கட்டி, மூக்கில் ஏறும் புளித்த மணத்தோடு அது நிற்கும். நொய்யை வேகவைத்து, அதில் இந்தக் கரைசலை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டி இறக்குவார்கள். ஆறியதும் பானையில் மீண்டும் ஓர் இரவு. விடிந்ததும் உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடும் மோர் மிளகாயோடும் குடிப்பது. மலையில் அன்றாட உணவு களிதான். மீந்த களியை நீரில் போட்டுவைத்து மறுநாள் மோரில் கரைத்துக் குடிப்பது, சமவெளி மலை என்று பாராத எல்லைப்புறப் பழக்கம்.

இந்த இரண்டு இரவுகளையும் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. கேழ்வரகில் கால்சியமும் இரும்பும் இருப்பது ஒரு செய்தி; குடல் அவற்றை எடுத்துக்கொள்வது வேறு செய்தி. தானியத்திலுள்ள ஃபைட்டேட்டும் டானினும் அந்தத் தாதுக்களைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. 1998இல் ஆண்டனியும் சந்திராவும் வெளியிட்ட முடிவின்படி, வெளியிலிருந்து எந்த நுண்ணுயிரையும் சேர்க்காமல் தானியத்தோடு இயல்பாக வரும் நுண்ணுயிர்களை மட்டும் நம்பி 24 மணி நேரம் புளிக்கவிட்ட மாவில் ஃபைட்டேட் 20 விழுக்காடும் டானின் 52 விழுக்காடும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் 32 விழுக்காடும் குறைந்தன. எடுத்துக்கொள்ளக் கூடிய கால்சியம் 20, இரும்பு 27, துத்தநாகம் 26 விழுக்காடு கூடின. அதற்கு முந்தைய ஆண்டு, ஜி. ஸ்ரீப்ரியாவோடு சேர்ந்து முளைகட்டுதலையும் புளிக்கவைத்தலையும் அவர்கள் ஆராய்ந்திருந்தார்கள். தாதுக்களை இப்படி விடுவிப்பதுதான் முதல் இரவின் வேலை.

கொதிக்கவைக்கும்போது அந்த நுண்ணுயிர்கள் மடிகின்றன. உயிருள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் திரும்ப வருவது இரண்டாம் இரவில். 2014இல் ஸ்ரீதேவி இளங்கோவும் உஷா ஆண்டனியும் கூழின் நுண்ணுயிர்த் தரத்தை ஆராய்ந்து எழுதியபோது லாக்டோபேசில்லஸ், வெய்ஸெல்லா இனங்களின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. புளிப்பு ஏற ஏறப் பல நோய்க்கிருமிகள் அந்த அமிலத்தில் பிழைப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இதற்கு இருந்த மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை. எனவே கூழின் நலக்கூற்று இரண்டு அடுக்குகளாக நிற்கிறது. தாதுக்களை விடுவிப்பது உறுதியாக அளக்கப்பட்டது. குடல்நலன் பற்றிய பகுதி இன்னும் வளர்ந்துவரும் ஆய்வு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளிடம் பழைய சோற்றைச் சோதிக்கும் ஆய்வுத் திட்டம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

காளானுக்கு வந்த பெயர்

காளான் ஆய்வின் வரலாறு வேறு வழியில் போனது. கோயம்புத்தூரில் கே.எம். தாமஸ், டி.எஸ். ராமகிருஷ்ணன், ஐ.எல். நரசிம்மலு மூவரும் வைக்கோல் காளானை வளர்க்கும் முறையை 1943இல் எழுதினார்கள். இந்தியாவில் காளான் வளர்ப்பின் தொடக்கத்தைச் சொல்பவர்கள் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 1962இல் மைசூரில் சிப்பிக் காளான் வந்தது. 1990களில் அருப்புக்கோட்டையில் பால் காளான், நம் வெயிலுக்கு ஏற்ற பயிராகத் தேறியது. இவை அனைத்தும் கொட்டகையில் வளர்பவை.

மலைவாசிகள் விரும்பித் தின்னும் புற்றுக் காளான் கொட்டகைக்கு வராது. அதைப் பறிப்பவர் குடையைப் பிடித்து இழுக்கமாட்டார். பக்கத்து மண்ணைக் கிளறி, புற்றுக்குள் சாண் கணக்கில் இறங்கும் வேர் போன்ற தண்டை முறியாமல் எடுப்பார். அந்தத் தண்டு முடியும் இடத்தில் கறையான்கள் மென்ற மரத்தூளால் கட்டிய தோட்டம் இருக்கிறது. கறையான் பூஞ்சையை வளர்க்கிறது, பூஞ்சை மரத்தைச் செரித்துக் கறையானுக்கு உணவாக்குகிறது. மனிதருக்குக் கிடைப்பது மழைக்குப் பின் சில நாள் மட்டும். டெர்மிட்டோமைசஸ் என்ற இந்தப் பேரினத்துக்கு ரோஜர் ஹெய்ம் 1942இல் பெயரிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்துக் கே. நடராஜன் 1979இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த புதிய இனம் அவர் பெயராலேயே டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி ஆயிற்று. கறையான் வெளியே கொட்டும் தோட்டத் துகளிலிருந்து கொத்துக்கொத்தாக முளைக்கும் அரிசிக் காளானும் இதே பேரினம்.

உணவாக இதன் தகுதியை மிகைப்படுத்தாமல் சொல்லலாம். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். உலர்ந்த எடையில் புரத விழுக்காட்டைப் பார்த்துவிட்டு இறைச்சிக்கு ஈடு என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். இருந்தும் காளானில் வேறு உணவுகளில் அரிதான இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று எர்கோஸ்டெரால், வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆகிறது. வெயிலில் காயவைத்த காளானுக்கு இதில் ஒரு கூடுதல் தகுதி இருக்கிறது. மற்றொன்று எர்கோதயோனின். 1909இல் கண்டறியப்பட்ட இதை மனித உடல் தானே தயாரிப்பதில்லை. ஆனால் இதை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லத் தனிக் கடத்தி உண்டு என்று 2005இல் தெரியவந்தது. உடல் அதற்கென ஒரு வாசலை வைத்திருப்பது சும்மா இருக்காது என்று உயிர்வேதியியலார் கருதுவதில் நியாயம் இருக்கிறது.

மருந்து என்ற பெயர் வந்தது ஜப்பானிலிருந்து. வான்கோழி வால் காளானிலிருந்து எடுத்த கிரெஸ்டின் அங்கே 1977இலும், ஷிட்டாகே காளானின் லென்டினான் 1985இலும் புற்றுநோய்ச் சிகிச்சையில் துணைமருந்துகளாக ஏற்கப்பட்டன. 1991இல் நலனுக்கான செயல்பாட்டு உணவுகளுக்குத் தனிச் சட்ட வகைப்பாட்டையே அந்நாடு ஏற்படுத்தியது. ஜனார்த்தனன் குழு இந்தப் பின்னணியில்தான் உள்ளூர்ப் பொருளைத் தேடியது. பலாமரத்து அடிமரத்தில் குளம்பு வடிவில் கருத்து, மேலெல்லாம் வெடித்து, மரத்தைப் போலவே கடினமாக ஒட்டியிருக்கும் பெல்லினஸ் ரிமோசஸ் என்ற பூஞ்சையைக் கேரளப் பழங்குடிகள் சிலர் பொன்னுக்குவீங்கிக்குப் பயன்படுத்தினார்கள். டி.ஏ. அஜித்தும் ஜனார்த்தனனும் 2002, 2003இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதன் சாறு எலிகளில் கல்லீரலைக் காத்ததையும் கட்டிகளைக் கட்டுப்படுத்தியதையும் பதிவு செய்தார்கள்.

நல்ல ஆய்வு. எலியில் நின்ற ஆய்வும்கூட. லிங்ஜி வகைக் காளான் இதயநோய்க் காரணிகளைக் குறைக்கிறதா என்று மனிதரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2015இல் ஆதரவான சான்று இல்லை என்றது. இன்னொரு சிக்கலும் உண்டு. உலகெங்கும் கேனோடெர்மா லூசிடம் என்று எழுதிவந்த இந்தச் சீனக் காளான் உண்மையில் வேறொரு இனம் என்று 2012இல் பிரித்துக் காட்டப்பட்டது. நம் மலைமரத்தில் முளைக்கும் பளபளப்பான பூஞ்சைக்குச் சீனத்து ஆய்வு முடிவை ஒட்டி விற்கும் பொட்டலங்களை நான் நம்புவதில்லை. காளானோடு மஞ்சளையோ வெள்ளிக்காசையோ போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையும் அப்படித்தான். கல்லீரலை அழிக்கும் அமானிட்டா நஞ்சை அது காட்டிக்கொடுக்காது, வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. காட்டில் நல்லதைப் பொறுக்கித் தருவது மூத்தவர்களின் கண். அந்தக் கண் காடோடு பழகினால்தான் இருக்கும்.

2013க்குப் பின்

அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது 2013இல் நாடறிந்த செய்தியானது. ஐதராபாத்திலிருந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் குழு வந்தது. தாய்மாரின் இரத்தசோகையும் எடை குறைந்த பிறப்பும் மையப் பிரச்சினைகளாகத் தெரிந்தன. இழந்த தானியம் இதற்கு ஒரு காரணம் என்ற பேச்சு அப்போதுதான் அரசின் காதில் விழுந்தது. கேரள அரசின் பெண்கள் குழு அமைப்பான குடும்பஸ்ரீ சமுதாயச் சமையற்கூடங்களை நடத்தியது. 2017இல் வேளாண் துறையும் பழங்குடி மேம்பாட்டுத் துறையும் சேர்ந்து சிறுதானிய கிராமத் திட்டத்தைத் தொடங்கின. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு வந்தது. இடுக்கிப் பக்கம் சின்னாறு சரணாலயத்துக்குள் இருக்கும் தாயண்ணன்குடியில் முதுவர்கள் பழைய கேழ்வரகு வகைகளை மீண்டும் விதைத்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும்: எல்லாச் சோகையும் உணவுக் குறையால் வருவதல்ல. 1952இலேயே லேமானும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாளணுச் சோகைக் கூறு இருப்பதைக் கண்டு எழுதினார்கள்; இந்தியாவில் அந்த நோய்க்கூறு அறியப்பட்டது அப்போதுதான். அட்டப்பாடியிலும் அந்நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய சோகை கூழாலும் இரும்பு மாத்திரையாலும் தீர்வதில்லை. ஒருவருக்கு எந்தச் சோகை என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். உணவை மருந்தாக்கிப் பேசும் உற்சாகத்தில் இந்த வேறுபாடு அடிபட்டுப்போனால் இழப்பு பெரிது.

அந்த எல்லையை வைத்துக்கொண்டு பார்த்தாலும், செய்யக்கூடியது ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான கேரளக் குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகத் தரப்படும் அமிர்தம் சத்துமாவைக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கிறார்கள். கடலையும் சோயாவும் சர்க்கரையும் சேர்ந்த அந்த வறுத்த மாவின் அடிப்படை கோதுமை. கோதுமை அட்டப்பாடியில் விளைவதில்லை. சோலையூரிலும் புதூரிலும் விளையும் கேழ்வரகை முளைகட்டியும் புளிக்கவைத்தும் அந்த இடத்தில் வைப்பதற்கான அடிப்படை அறிவியல் 1997, 1998லேயே அச்சாகிவிட்டது.