தேதியாக எஞ்சிய வெள்ளம்

2004 டிசம்பர் 26 அன்று தமிழகக் கரையைத் தாக்கிய பேரலைக்கு ஒரு பெயர் கிடைத்தது. ‘சுனாமி’ என்னும் ஜப்பானியச் சொல் சில நாள்களிலேயே மீனவர் குப்பங்களின் அன்றாடப் பேச்சில் கலந்தது. ‘ஆழிப்பேரலை’ ஏடுகளோடு நின்றுகொண்டது. ஏழு மாதங்கள் கழித்து மும்பையை மூழ்கடித்த மழைக்கோ இன்றுவரை பெயரில்லை. தாராவியிலும், உப்பளங்களை ஒட்டிய தாழ்நிலமான வடாலாவிலும் தமிழர், மராத்தியர் எல்லோருக்கும் அது ‘ஜூலை 26’ மட்டுமே.

2005இன் அந்நாளில் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது, தென்கோடியான கொலாபாவில் 73 மி.மீ. தான். நகரம் முழுவதற்கும் பொதுவான பேரிடராகக்கூட அது அமையவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் ஒரே காலையில், ஒரே கடலால் மாண்டனர். புதைகுழிகள் பொதுவாயின, வேளாங்கண்ணியிலும் கன்னியாகுமரியிலும் நினைவுத்தூண்கள் எழுந்தன, ஆண்டுதோறும் ஊர்கூடிக் கடலில் பால் ஊற்றி மலர் தூவுகின்றனர். மும்பையின் சாவுகளோ சிதறிக் கிடந்தன: சாக்கிநாக்காவில் குன்று சரிந்து, அடைபட்ட கார்களுக்குள் மூச்சுத்திணறி, மின்சாரம் பாய்ந்து. துக்கமும் அவ்வாறே வீடுகளுக்குள் சிதறியது. தாராவித் தமிழருள் பலரின் பூர்வீகமான நெல்லைச் சீமையில், அகாலத்தில் இறந்தோர் வீட்டுத்தெய்வமாகப் படையல் பெறுவர். அம்மரபு குடும்பத்தின் துயரைத் தாங்கவல்லது. அண்டைவீட்டாரையும் உடன்சேர்த்துக்கொள்ள அதில் இடமில்லை.

ஜூலை 28 இரவில், ஜுஹுவின் நேரு நகர்க் குடிசைப்பகுதியில் அணை உடைந்ததாகவும் சுனாமி வருவதாகவும் வதந்தி பரவ, நெரிசலில் பத்துக்கும் மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தனர். பெயரில்லாத வெள்ளம் சோழமண்டலக் கரையின் துயரத்திலிருந்து பெயரைக் கடன்வாங்கிய கணம் அது. பேரிடர் மொழியை ஆராய்வோர் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

2008 நவம்பர் 26 தாக்குதலில் மாண்ட காவலர்களுக்கு நினைவிடம் உண்டு; ஆண்டுதோறும் அரசு மலர்வளையம் வைக்கிறது. அங்கே பகைவன் வெளியிலிருந்து வந்தவன். ஜூலை 26க்கு அத்தகைய அரசுச் சடங்கு வேர்கொள்ளாததற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் எனலாம். மாதவ் சித்தலே தலைமையிலான உண்மையறியும் குழு ஆராய்ந்தது வானத்தை மட்டுமன்று; மித்தி ஆற்றின் நெருக்கடியையும் நகரின் பழைய வடிகால்களையும் ஆராய்ந்தது. விமான நிலையமும் பாந்த்ரா-குர்லா வளாகமும் அந்த ஆற்றை ஒட்டியே வளர்ந்தவை. நினைவுக்கல் நட்டால், ‘இயற்கைச் சீற்றத்தில் மாண்டோர்’ என்று பொறிக்க முடியுமா என்னும் கேள்வி எழும்.

ஆகவே நகரம் மழையின் அளவை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பெருமழை பெய்யும்போது நாளேடுகள் 944ஐ நினைவுகூர்கின்றன.